மோட்டாருக்கு வைத்த பொட்டு

12 ஏப்ரல் 2024

காலையிலேயே வக்கீல் நோட்டீஸ். நாங்கள் செய்து விற்கும் கேம் கன்ட்ரோலரில் அதிர்வு எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கைக்கு உணர்த்தும் முறை, ஏதோ ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் காப்புரிமையாம். நாங்கள் அதைத் திருடிவிட்டோமாம். உடனே தயாரிப்பை நிறுத்த வேண்டுமாம்.

திருடினேனா? நானா? சிங்கப்பெருமாள் கோயில் தகர ஷெட்டில் வெந்து, மோட்டாரைச் சாய்த்துச் சாய்த்து வைத்து, ஸ்பிரிங்கை மாற்றி மாற்றிப் போட்டு, விரல் மரத்துப்போகும்வரை பிடித்துப் பார்த்தது எவனாம்?

பூபாலனிடம் காட்டினால், "இன்னா இப்போ? வந்து நாஸ்தா துன்னு மொதல்ல" என்கிறார். புருஷனும் தொழில் பங்காளியும் ஒரே ஆளாக வாய்த்தால் இப்படித்தான். இரண்டு பேரிடம் பட வேண்டிய எரிச்சலை ஒருவரிடமே படுகிறேன்.

15 ஏப்ரல்

மாமல்லபுரத்தில் கேம் சென்டர் வைத்திருக்கும் ரஞ்சித்குமார் போன் செய்தார். அவருக்கும் நோட்டீஸ் நகல் போயிருக்கிறது. "தப்பா நினைச்சிக்காதம்மா, உன் பீஸெல்லாம் கழட்டி வெச்சிட்டேன். கோர்ட்டு கேஸுன்னா நம்மால ஆவாது." அவரைப் பார்த்துத்தான் கடற்கரைச் சாலை முழுக்க வாங்கினார்கள். இனி அவரைப் பார்த்தே நிறுத்துவார்கள். ஷெட்டை மூட வேண்டியதுதான்.

18 ஏப்ரல்

செங்கல்பட்டில் வக்கீல் ஜாக்குலினைப் பார்த்தேன். அந்தக் கம்பெனி விண்ணப்பித்தது 2022 ஜனவரியில். நான் விண்ணப்பித்தது மார்ச்சில். தலையில் அடித்துக்கொண்டேன்.

"ஜனவரிக்கு முன்னாடியே இது வெளியில தெரிஞ்ச விஷயம்னு காட்டினா அவங்க உரிமை நிக்காது. ஏதாவது இருக்கா?" என்றார்.

இருந்தது! 2021 ஆயுத பூஜை. பிளாஸ்டிக்குக்குப் பொட்டு வைத்தால் அது பூஜையே இல்லை, மோட்டாருக்குத்தான் வைக்கணும் என்று இந்த மனுஷன் கன்ட்ரோலரின் மூடியைக் கழற்றினார். அவர் அக்கா சம்பூர்ணம், "இது இன்னாம்மா பண்ணும்?" என்று கேட்டார். நான் சாய்வு, ஸ்பிரிங் ஒன்று விடாமல் விளக்கினேன். அத்தனையையும் இவர் வீடியோ எடுத்து யூடியூபில் போட்டுவிட்டார்.

விண்ணப்பிப்பதற்கு முன் வெளியே காட்டினால் நம் உரிமையே போய்விடும் என்று எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. வீட்டையே இரண்டாக்கி, அழிக்கச் சொன்னேன். அழித்துவிட்டேன் என்றார்.

வாழ்க்கையில் ஒரு தடவை சொன்னதைச் செய்திருக்கிறார். அதுவும் இதில்!

19 ஏப்ரல்

அழிக்கவில்லை.

கேட்டதும் முழித்தார். "டெலிட் பண்லே" என்றார்.

"பண்ணிட்டேன்னு சொன்னியேய்யா!"

"வீடியோ கீழ கமெண்ட்ல உங்கம்மா எழுதி கீறாங்க. நீ அழிக்கச் சொன்னப்போ அவங்க செத்துப் போயி ஒரு மாசங்கூட ஆவல. எப்டி அழிக்கறது?"

போனை வாங்கிப் பார்த்தேன். இருக்கிறது. 'என் பொண்ணு செஞ்சது' — அவ்வளவுதான். அம்மாவுக்குத் தமிழில் டைப் செய்யத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. பொய் சொன்னதற்கு அந்த ஆளை நாலு சாத்து சாத்தலாம் என்று எழுந்தவள், உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

24 ஏப்ரல்

ஜாக்குலின் வீடியோவை இரண்டு முறை பார்த்தார். இது போதும் என்றார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "ஆனா உங்க விண்ணப்பமும் இதோட போயிடும், ஜெயப்பிரியா. நீங்க மனு போடறதுக்கு முன்னாடியும்தானே இது வெளியாச்சு?"

அதாவது, வீடியோவைக் கொடுத்தால் இது யாருக்கும் சொந்தமில்லை. எவன் வேண்டுமானாலும் செய்து விற்கலாம். கொடுக்காவிட்டால் அந்தக் கம்பெனிக்காரனுக்குச் சொந்தம், நான் திருடி. நான் செய்தது எனக்குச் சொந்தம் என்று ஒரு வழி கிடையாதா? சட்டமாம் சட்டம்! பேஜாரு பிடிச்ச சட்டம்.

25 ஏப்ரல்

ஒன்றும் எழுதப் பிடிக்கவில்லை. பூபாலன் சாம்பாரில் உப்பு இல்லை என்றார். போட்டுக்கோயேன், கை இல்லையா?

2 மே

கொடுத்துவிட்டேன். என் பேர் இல்லாமல் போனால் போகட்டும். திருடி என்ற பேரோடு ஷெட்டைப் பூட்ட மாட்டேன்.

8 ஆகஸ்ட் 2025

அந்தக் கம்பெனியின் காப்புரிமை ரத்து. என் விண்ணப்பம் போன மாதமே நிராகரிக்கப்பட்டுவிட்டது. ரஞ்சித்குமார், "பழைய பீஸெல்லாம் மாட்டிட்டேம்மா. இன்னும் இருபது அனுப்பு" என்கிறார். நல்ல மனுஷன்தான். ஆனாலும் கடுப்பு.

1 அக்டோபர் 2025

ஆயுத பூஜை. செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் நேற்று ஒரு கன்ட்ரோலர் வாங்கினேன். ஏதோ ஒரு பெயர், பளபளவென்று பெட்டி. ஷெட்டில் பிரித்துப் பார்த்தால் அதே சாய்வு, அதே ஸ்பிரிங். அதையும் கோணலாக மாட்டியிருக்கிறான், சோம்பேறி. எரிச்சலில் மேஜைமேல் திறந்தபடியே போட்டுவிட்டேன்.

இன்று பூபாலன் எங்கள் மெஷின்களுக்கெல்லாம் பொட்டு வைத்துக்கொண்டே வந்தார். அதனிடம் வந்ததும் நின்றார். "இதுக்கும் வெக்கட்டா? இதுவும் நீ செஞ்சதுதானே?"

வாய் நிறையத் திட்டு வைத்திருந்தேன். கோணல் ஸ்பிரிங்கை மட்டும் நேராக்கிவிட்டு, குங்குமத்தை அவர் பக்கம் நகர்த்தினேன்.