நான் எடுத்த இன்டர்வியூ

அன்பு மகள் ஆஃபியாவுக்கு அம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் தாம்பரத்தில் நானும் அத்தாவும் சுகம், ஹாம்பர்க் குளிரில் நீயும் சுகமாக இருக்க துஆ செய்துகொண்டே இருக்கிறேன். அத்தாவுக்கு சுகர் இறங்கியிருக்கிறது, அதைக் கொண்டாட பாதுஷா வாங்கித் தின்றார், என்ன சொல்ல. போனில் பேசினால் அவர் நடுவில் புகுந்து கதையின் முடிவை முதலிலேயே சொல்லிவிடுவார், அதனால்தான் மிளகாய்த்தூள் பார்சலுக்குள் இந்தக் கடிதத்தை வைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிழக்குத் தாம்பரத்துப் பள்ளிக்கூடத்தில், படித்து முடித்து வேலை தேடுகிற பிள்ளைகளுக்கு வழிகாட்ட ஆள் சேர்க்கிறார்கள் என்றேனே, நானும் சேர்ந்துவிட்டேன். ஒரு தன்னார்வலருக்கு ஒரு பிள்ளை, ஒரு வருஷம் கூடவே இருக்க வேண்டும். பேங்கில் ரிட்டயரான ஹேமாவதி அக்காதான் நடத்துகிறார். பத்தாவது படித்த நான் யாருக்கு என்ன சொல்வது என்று தயங்கினேன், காது கொடுத்துக் கேட்டால் போதும் என்றார். எனக்குக் கிடைத்த பிள்ளை தமிழினி, முடிச்சூர்ப் பெண், பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் முடித்தவள், அவள் மார்க்ஷீட்டைப் பார்த்து எனக்கே பெருமையாகிவிட்டது. ஆனால் அவள் அப்பா ஏகநாதன், நிலபுலன் உள்ள மனிதர், இந்த மாதத்துக்குள் வேலை கிடைக்காவிட்டால் வந்திருக்கிற மாப்பிள்ளைக்குச் சரி சொல்லிவிடுவேன் என்று கெடு வைத்துவிட்டார். அவளுக்கு வந்ததோ இரண்டே இன்டர்வியூ, ஒன்று திருமுடிவாக்கத்தில், இன்னொன்று அதற்குப் பத்து நாள் கழித்துக் கேளம்பாக்கத்தில்.

முதல் இன்டர்வியூவுக்கு நானே பயிற்சி கொடுத்தேன். சிரிக்காதே. தலையைக் குனிந்து வா, சொன்னால் மட்டும் உட்கார், கேட்டதற்கு மட்டும் மெதுவாகப் பதில் சொல், எதிர்த்துப் பேசாதே, துப்பட்டா சரியாக இருக்கட்டும் என்று ஒன்று விடாமல் சொல்லிக்கொடுத்தேன். வீட்டில் எத்தனை பேர், சமைப்பாயா, கோபம் வருமா என்று கேள்வியும் கேட்டேன். அந்தப் பிள்ளையும் என் பேச்சை அப்படியே கேட்டுக்கொண்டு போய் அப்படியே உட்கார்ந்துவிட்டு வந்தது. நல்ல பொண்ணுதான், ஆனா வாயையே திறக்கலை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அடுத்த ஞாயிறு, இன்னொரு தன்னார்வலர் மொஹ்சினிடம், கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிற பையன், நான் பயிற்சி கொடுத்தபோது போனில் எடுத்த வீடியோவைக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தான். ஆன்ட்டி, இது இன்னா ஆன்ட்டி, பொண்ணு பாக்க வந்த மாதிரி கீது, கையில டீ ட்ரே ஒண்ணுதான் இல்ல என்றான். என் வாழ்க்கையில் நான் உட்கார்ந்த இன்டர்வியூ உன் அத்தா வீட்டார் பார்க்க வந்த அன்று உட்கார்ந்தது ஒன்றுதானே, எனக்குத் தெரிந்ததைத்தானே சொல்லிக்கொடுப்பேன். என்னால் ஒரு பிள்ளையின் வேலை போனதே என்று இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

அழுது என்ன ஆகப்போகிறது, மிச்சமிருந்த நாட்களில் அவளை நம் ஹார்டுவேர் கடைக் கவுண்டரில் நிறுத்திவிட்டேன். அங்கே மெதுவாகப் பேசினால் யார் காதில் விழும், பஸ் ஹாரனே நம்மை முழுங்கிவிடும். முதல் இரண்டு நாள் ஆணி கேட்டவருக்குக்கூடத் தரையைப் பார்த்துத்தான் பதில் சொன்னாள். மூன்றாம் நாள் வெல்டர் உதயா வந்து, இன்னா பாய் நட்டு குட்த்தீங்க, போல்ட்டுல ஏறவே மாட்டேங்குது, ஒரே பேஜாரா கீது என்று கத்தினான். அத்தா மாற்றித் தரப் போனார். இவள் சட்டென்று பையிலிருந்து அளவு பார்க்கிற வெர்னியரை எடுத்து இரண்டையும் அளந்து, அண்ணா, உங்க போல்ட்டு அரை இன்ச்சு, நீங்க கேட்டு வாங்கினது பன்னிரண்டு எம்.எம். நட்டு, தலைகீழா நின்னாலும் ஏறாது என்று தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள். உதயாவே சிரித்துவிட்டான். எனக்குக் கண் கலங்கிவிட்டது ஆஃபியா.

கேளம்பாக்கத்து இன்டர்வியூவில், ஷிஃப்ட் வேலை, வீட்டில் ஒத்துக்கொள்வார்களா என்று கேட்டார்களாம். வேலை செய்யப்போறது நான்தான் சார், எனக்குச் சம்மதம் என்றாளாம். திங்கட்கிழமை சேர்ந்துவிட்டாள். ஏகநாதன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருக்கிறார், ஆனாலும் முதல் நாள் பஸ் ஸ்டாண்டு வரை பைக்கில் கொண்டுவந்து விட்டது அவர்தான்.

இனி உனக்கு மட்டும். அந்த ஹாம்பர்க் கம்பெனியோடு நீ வீடியோவில் பேசிய அன்று, பொண்ணு இப்படிச் சத்தம் போடலாமா என்று உள்ளே வந்து வாயில் விரல் வைத்தேன். நீ எழுந்துவந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாய். ஒரு வாரம் உன்னோடு பேசவில்லை, என் பெண்ணுக்குத் திமிர் ஏறிவிட்டது என்று உன் அத்தாவிடம் சொன்னேன். தமிழினி தலையைக் குனிந்தபடி திருமுடிவாக்கத்திலிருந்து திரும்பி வந்ததை, மொஹ்சின் சிரித்த பிறகு நினைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. நீ தாழ்ப்பாள் போட்டது நல்லதாகப் போயிற்று கண்ணே. அம்மாவை மன்னித்துவிடு.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல துணையும் தரட்டும். மிளகாய்த்தூளை ஈரக்கரண்டி போட்டு எடுக்காதே. பெருநாளுக்கு ஊருக்கு வர மேலதிகாரியிடம் லீவு கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்றாயே, நிமிர்ந்து உட்கார்ந்து சத்தமாகக் கேள்.

உன்னை எதிர்பார்க்கும் அம்மா,
சபீஹா ஹிதாயத்துல்லா
மேற்குத் தாம்பரம்