உன் அம்மாவுக்காக ஒரு ஜெபம்

ராஜபாளையம்
ஏப்ரல் 1985

கூட்டாளிக்கு,

கல்கத்தாவில் உலகக் கோப்பைக் கால்பந்துத் தகுதிச் சுற்று. நம் பிரிவில் இந்தோனேசியா, தாய்லாந்து, பங்களாதேஷ். சேர்ந்து போய்ப் பார்ப்பதாகத்தான் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தோம். அப்போதுதான் நீ மில் வாசலில் வந்து அழுதாய். அம்மா மதுரை ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், பிழைப்பது கஷ்டம் என்றாய். மாற்று ஆள் இல்லாமல் லீவு கிடைக்காது. "நீ போலே, ஒன் ஷிப்டை நான் பாக்கேன்" என்றேன். மேட்ச் நினைப்பையே விட்டேன்.

ஈஸ்டர் ஆராதனையில் உன் அம்மா பெயரைப் போதகரிடம் கொடுத்தேன். "மரணப்படுக்கையில் இருக்கும் பரிபூரணத்துக்காக" என்று அவர் தொடங்க, சபையே முழங்கால் போட்டது. பெண்கள் பக்கத்தில் ஒருத்தி மட்டும் எழுந்து நின்றாள்.

"யாருய்யா சொன்னா? நான் நல்லாத்தான இருக்கேன்!"

பண்டிகைக்கு நீ வரவில்லையென்று ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் பலகாரத்தோடு வந்திருக்கிறாள். என்னைப் பார்த்து, "ஏலே, எம் மவன் எங்க?" என்றாள். பலகாரத்தை வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் டீக்கடையில் நம் மில் ஞானதுரையின் தம்பி சொன்னான்: "அண்ணனும் ஒங்க கூட்டாளியும் கல்கத்தாவுக்கு மேட்சு பாக்கல்லா போயிருக்காவ."

மேட்சுக்குப் போகிறேன் என்று சொல்லியிருந்தாலும் உன் ஷிப்டைப் பார்த்திருப்பேன்.

உனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது, நாங்கள் மறைக்கிறோம் என்று உன் அம்மா நினைக்கிறாள். வரும் ஞாயிறு ஜெபத்துக்கு உன் பெயரைக் கொடுத்திருக்கிறாள். சபை முழங்கால் போடும்போது நான் நின்றுகொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
இன்றும் உன் ஷிப்டைப் பார்க்கிறவன்