தொண்ணூற்றேழில் நிறுத்திய பழி யாருக்கு, முத்தையா?

அன்பு முத்தையாவுக்கு, இத்தனை வருடமும் மைதானத்தில் உன் இடப்பக்கம் உட்கார்ந்தே பழகிய லிங்கம் எழுதுகிறேன்.

நம் கிரிக்கெட் கழகத்தின் ஆண்டு மலருக்கு உன்னைப் பற்றி எழுதித் தரச் சொல்லி வெள்ளைச்சாமி கேட்டிருக்கிறார். நீ கண்ணை மூடிய பிறகு அவர்தான் செயலாளர். உன் பெருமைகளை எழுதுவேன் என்று எதிர்பார்க்கிறார். எனக்கு உன் மேல் இருக்கும் எரிச்சலில் ஒரு பெருமையும் நினைவுக்கு வர மாட்டேன் என்கிறது. நில அளவைத் துறையில் வேலை பார்த்தவன் நான். எல்லைக்கல் நடாமல் எனக்கு எதையும் தொடங்கத் தெரியாது. அதனால் சொல்லப்போவதை முதலில் வரிசைப்படுத்திவிடுகிறேன்.

1. இன்னிங்ஸை எப்போது டிக்ளேர் செய்வது என்பதை, ரன் கணக்கு எழுதும் ஸ்கோரர், அதாவது நான், முடிவு செய்ய வேண்டும் என்று நீ கொண்டுவந்த வழக்கம் அபத்தமானது.

2. போன ஞாயிற்றுக்கிழமை நான் டிக்ளேர் செய்தது உண்மையில் உன் முடிவு. நீ இருந்திருந்தால் அதையேதான் செய்திருப்பாய். ஆகவே பழி உன்னைச் சேர வேண்டும்.

3. அந்தப் பழியை இப்போது உன் வீட்டில் உட்கார்ந்து நான் சுமக்கிறேன்.

4. இனி இந்த வேலை எனக்கு வேண்டாம்.

டிக்ளேர் என்றால் என்ன என்று இந்த மலரைப் படிக்கும் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டிய காலம் வந்துவிட்டது, முத்தையா. உலகக் கோப்பையை வென்றதிலிருந்து எல்லோருக்கும் ஓவர் கணக்கு ஆட்டம்தான் தெரிகிறது. பத்து விக்கெட்டும் விழுவதற்கு முன்பே, ‘எங்களுக்கு இவ்வளவு ரன் போதும், இனி நீங்கள் ஆடுங்கள்’ என்று ஓர் அணி தானாகவே நிறுத்திக்கொள்வது. எதிரணியின் பத்துப் பேரையும் அவுட்டாக்க நேரம் வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்வார்கள். சீக்கிரம் நிறுத்தினால் அவர்கள் அடித்து ஜெயித்துவிடலாம். தாமதித்தால் அவர்கள் அடிக்காமல் கட்டை போட்டே டிரா செய்துவிடலாம். இந்த இரண்டுக்கும் நடுவே சரியான நேரம் எது என்று என்னைப் போன்ற ஓர் ஆளிடம் கேட்கலாமா? ஒரு பனியன் வாங்கப் போனாலே மூன்று கடை ஏறி இறங்கிவிட்டு முதல் கடைக்குத் திரும்பி வருகிறவன் நான்.

நீ கேட்டாய். நத்தம் பக்கத்து உன் ஊர்க் கண்மாயை வைத்துத்தான் கேட்டாய். நம் கேப்டன்கள் அவரவர் வசதிக்கு டிக்ளேர் செய்துகொண்டிருந்த காலம் அது. ஒருவர் தன் ஐம்பது வரும்வரை நிறுத்த மாட்டார். இன்னொருவர் மச்சினன் கல்யாணத்துக்குப் போக வேண்டும் என்று பாதியில் நிறுத்திவிட்டார். அன்றைய கூட்டத்தில் நீ எழுந்து நின்றாய்.

“எங்க ஊர்ல மடை தொறந்து தண்ணி பாய்ச்சுறவனுக்கு அந்தக் கம்மாய்க்குக் கீழ ஒரு குழி வயல்கூட இருக்கக் கூடாது. இருந்தா தன் வயலுக்குத்தான் திருப்புவான். இங்கயும் அப்படித்தான். ரன் எடுக்குறவன் கையில மடையைக் குடுக்காதீங்க. இந்தா இருக்கான்ல லிங்கம், இம்புட்டு வருசத்துல மட்டையைத் தொட்டிருக்கானா? இவந்தான் சரி.”

எல்லோரும் கைதட்டினார்கள். நான் முடியாது என்று சொல்வதற்குள் டீ வந்துவிட்டது.

அதன் பிறகு நீ எனக்குச் செய்தது பாடமா, தண்டனையா என்று இன்றும் தெரியவில்லை. சாயங்காலமானால் உன் வெங்காய மண்டிக்கு இழுத்துப் போவாய். மூட்டைகளுக்கு நடுவே ரேடியோவைத் திருகி இங்கிலாந்து மாவட்ட அணிகளின் கவுண்டி ஆட்டங்களைப் பிடிப்பாய். பாதி இரைச்சல். மீதியை நீயே இட்டு நிரப்புவாய்.

“கேட்டியா மாப்ளே? மூணாம் நாளு மத்தியானம் நிப்பாட்டிட்டான். ஏன்? எதிராளிக்கு ஒரு ஆசை வேணும்ல. அடிச்சுரலாம்னு ஆசை வந்தாத்தான் மட்டையை வீசுவான். வீசுனாத்தான் அவுட்டாவான். ஆசை காட்டாம நிப்பாட்டுறது மூஞ்சில கதவைச் சாத்துற மாதிரி.”

மூட்டை இறக்குகிறவர் நின்று கேட்டுவிட்டு, “மொதலாளி, அந்தச் சீமையில வெங்காயம் என்ன வெலைன்னு சொன்னானா?” என்பார். “கணக்கை முடிச்சிட்டு வந்து கேளு” என்று நீ விரட்டுவாய்.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். பழனிக்காரர்களோடு இரண்டு நாள் கேடய ஆட்டம். போன வருடம் கேடயம் அவர்களுக்குப் போனதால், டிராவானால் அது மறுபடியும் பழனிக்கே பஸ் ஏறிவிடும். சனிக்கிழமை பாதி நாளை மழை கொண்டுபோனது. ஆளுக்கு ஓர் இன்னிங்ஸ்தான் என்றாலும், ஞாயிறு சாப்பாட்டுக்குப் பிறகும் நாம்தான் ஆடிக்கொண்டிருந்தோம். ஆடிக்கொண்டிருந்தது யார் என்கிறாய்? உன் மகன், என் மாப்பிள்ளை பாண்டியன்.

அவருடைய ஆட்டம் உனக்குத் தெரியும். முப்பது எடுப்பார், நாற்பது எடுப்பார், பிறகு தேவையில்லாத ஒரு பந்தைத் துரத்திப் போவார். இந்த வருடம் முழங்காலும் மக்கர் செய்கிறது. இந்த வருடத்தோடு ஆட்டம் போதும் என்று என் மகள் செல்வியிடம் சொல்லியிருந்தாராம். அன்றைக்கு என்னவோ எல்லாப் பந்தும் அவருக்குப் பப்பாளிப்பழம் போலத் தெரிந்திருக்க வேண்டும். தொண்ணூறைத் தாண்டினார். தொண்ணூற்றேழுக்கு வந்தார். அங்கே உட்கார்ந்துகொண்டார். ஓர் ஓவர், ரன் இல்லை. அடுத்த ஓவரை எதிர்முனைக்காரர் ஆடினார். அதற்கடுத்ததிலும் ரன் இல்லை.

என் கணக்கில் நேரம் முடிந்திருந்தது. அந்த ரன்னை அவர்கள் எட்ட முடியும் என்று ஆசைப்படலாம்; நாம் பத்துப் பேரை எடுக்கவும் முடியும். இன்னும் இழுத்தால் ஆசை போய்விடும், கட்டை போட ஆரம்பித்துவிடுவார்கள். வெள்ளைச்சாமி என் முகத்தைப் பார்த்துவிட்டார்.

“சார், செத்த நேரம் பொறுங்க. மூணே ரன்னு. பெத்தவரு இருந்து பாக்கல. நீங்களாவது பாத்துட்டு எந்திரிங்க.”

“ஒரு ஓவர்ல அடிச்சிருவாரா?” என்று கேட்டேன்.

“அது அந்த முருகனுக்குத்தான் தெரியும்.”

அப்போதுதான் என் வலக்காதில், நீ வழக்கமாக உட்காரும் பக்கத்திலிருந்து, உன் அதட்டல் கேட்டது. சத்தியமாகக் கேட்டது. “ஏலே, என்னத்தப் பாத்துக்கிட்டு இருக்க? நிப்பாட்டு!” நான் எழுந்தேன். வேட்டி நாற்காலி ஆணியில் மாட்டிக் கிழிந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்து, உள்ளே வரச் சொல்லி வீசினேன். பாண்டியன் வெகுநேரம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குக் குளவி கொட்டிவிட்டதோ என்று நினைத்தாராம்.

பிறகு நடந்ததுதான் கொடுமை. நாம் ஜெயித்துவிட்டோம். திணறி, கடைசி நிமிடத்தில் ஜெயித்திருந்தால் என்னைத் தோளில் தூக்கியிருப்பார்கள். பழனிக்காரர்கள் ஆசைப்பட்டார்கள், வீசினார்கள், வரிசையாக அவுட்டானார்கள். ஆட்ட நேரத்தில் ஒரு மணி நேரம் மிச்சம்! அவர்கள் கேப்டன் ஒட்டன்சத்திரம் பக்கத்துப் பையன். கை குலுக்க வந்தவன் சும்மா போயிருக்கலாம் அல்லவா?

“ஏனுங்கய்யா, மூணு ரன்னுதானுங்களே. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்களே அடிக்கத் தோதா ஃபுல்டாஸ் போட்டுக் குடுத்திருப்போமுங்க.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பாண்டியன் சிரிக்கவில்லை. காலில் கட்டிய பேடைக் கழற்றிக்கொண்டிருந்தார். கேடயத்தோடு படம் எடுக்கும்போது அவரைத் தேடினோம். முன்பே கிளம்பிப் போயிருந்தார்.

மூன்றாவது புள்ளி. மனைவி போன பிறகு மகள் வீட்டுக்கு வர மாட்டேன் என்று நாகல் நகரில் தனியாகக் கிடந்தவனை, “சம்மந்தி வீட்டுச் சோறு தொண்டையில குத்துமோ?” என்று ரிக்‌ஷாவில் ஏற்றிக் கொண்டுவந்தவன் நீ. கொண்டுவந்துவிட்டு நீ போய்விட்டாய். இப்போது நான் யார் வீட்டுச் சோற்றைச் சாப்பிடுகிறேன்? எவருடைய சதத்தைக் கெடுத்தேனோ அவர் வீட்டுச் சோற்றை.

அன்றிரவு செல்வி தட்டை வைத்தாள். சோறு இருந்தது, குழம்பு இருந்தது. தொட்டுக்கொள்ள வெஞ்சனம் இல்லை. மறந்தாளா, மறுத்தாளா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

“ஏம்ப்பா, உங்களுக்கு அப்படி என்ன அவசரம்? பஸ்ஸுக்கு நேரமாயிருச்சா?”

“அவங்களை அவுட்டாக்க நேரம் வேணும்ல, தாயி.”

“அதான் ஒரு மணி நேரம் மிச்சமிருந்துச்சாமே. அந்த ஒரு மணி நேரத்துல என்ன பண்ணுனீங்க?”

யோசித்துப் பார்த்தேன். ஆடுகளத்தில் விரித்திருந்த தேங்காய்நார் விரிப்பின் ஆணிகளைப் பிடுங்கிச் சுருட்டி வைத்திருந்தோம். அதையே சொன்னேன். அவள் எழுந்து போய்விட்டாள்.

பாண்டியன் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தினமும் மண்டிக்குக் கிளம்பும்போது “வாரேன் மாமா” என்பார். இப்போது “வாரேம்மா” என்று உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டுகிறார். நான் வாசலில் பேப்பரை விரித்தபடி உட்கார்ந்திருக்கிறேன். ‘போய்ட்டு வாங்க மாப்ளே’ என்ற சொல் தினமும் என் வாயிலேயே கிடக்கிறது.

நான் செய்தது சரியா, தவறா? மூன்று ரன்னுக்குக் காத்திருந்தால் ஆட்டம் என்னவாகியிருக்கும்? மிச்சமிருந்த நேரத்தைப் பார்த்தால் நான் அவசரப்பட்டவன். அவர்கள் ஆசைப்பட்டு வீசியதைப் பார்த்தால் நான் சரியான இடத்தில் நிறுத்தியவன். காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். இரண்டு விடையும் வருகிறது. நிலமாக இருந்தால் சங்கிலியைப் போட்டு மறுபடி அளந்துவிடலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமையை எப்படி மறுபடி அளப்பது?

இந்த இடத்தில்தான் நான்காவது புள்ளியை எழுதி முடிக்க இருந்தேன். ‘வயது காரணமாக விலகிக்கொள்கிறேன்’ என்று செயற்குழுவுக்கு ஒரு வரி. அதற்குள் நேற்று உன் மனைவி பேச்சியம்மாள் என்னிடம் பேசினாள்.

மாலையில் முற்றத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். செல்வி அந்தப் பக்கம் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழட்டும் என்றுதான் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன்: “நான் என்ன தங்கச்சி செய்யட்டும்? அவன் இருந்திருந்தாலும் இதைத்தான் செஞ்சிருப்பான்.”

அவள் கீரையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். நீ போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கேட்கவில்லை.

“யாரு? அவரா? பெத்த பிள்ளை தொண்ணூத்தேழுல நிக்கையில அந்த மனுசன் நிப்பாட்டுவாராண்ணே? பொழுது அடைஞ்சாலும் ஆட விட்டுருப்பாரு. பந்து தெரியலைன்னா லாந்தர் கொண்டாந்து பிடிச்சிருப்பாரு. ஏன், இவன் பள்ளிக்கூடத்துல ஓட்டப்பந்தயம் ஓடுனப்ப கயித்துக்கு உள்ள போயி கூடவே ஓடுன ஆளுல்ல அவரு.”

“அப்புறம் எதுக்கு அந்தக் கண்மாய்க் கதையெல்லாம் சொன்னான்?”

“ஊருக்குச் சொன்னது அது. வீட்டுல வந்து எங்கிட்ட வேற சொன்னாரு. ‘இவன் ஒரு நாளு நல்லா ஆடுவான் பேச்சி. அன்னைக்கு நிப்பாட்ட எனக்குக் கை எந்திரிக்காது. வெக்கம்கெட்டுப் போயி உக்காந்திருப்பேன். லிங்கம் பயந்தாங்கொள்ளிதான். ஆனா கணக்கு முடிஞ்சிருச்சுன்னா எந்திரிச்சிருவான்’னாரு. நீங்க என்னடான்னா அவரு செஞ்சிருப்பாருங்கிறீங்க.”

துணி மடிக்கும் சத்தம் நின்றிருந்தது. இரவு தட்டில் கீரை இருந்ததா என்று கேட்காதே. இல்லை.

முத்தையா, இதை நீ என்னிடமே சொல்லியிருக்கக் கூடாதா? உனக்குத் துணிச்சல், எனக்குப் பயம் என்று நீயும் நானும் ஊரும் பாகம் பிரித்து வைத்திருந்தோம். அந்தப் பத்திரத்தைக் கிழித்துப் போடும் வேலையை உன் மனைவியிடம் விட்டுவிட்டுப் போனாயா? எரிச்சல் இன்னும் கூடுகிறது.

ஆனாலும் முறையென்று ஒன்று இருக்கிறது. பிழை கண்ட இடத்தில் திருத்தம் போட வேண்டும். மேலே இரண்டாவதாக எழுதியது தவறு. ஞாயிற்றுக்கிழமை என் காதில் கேட்டது உன் குரலாக இருக்க முடியாது. நீ அங்கே இருந்திருந்தால் என் துண்டைப் பிடித்து இழுத்திருப்பாய். நிறுத்து என்று சொன்னவன் நான்தான்; எழுந்ததும் நான்தான். பழியில் உனக்குப் பங்கில்லை. அதை முழுதாக என் பெயருக்கே எழுதிக்கொள்கிறேன்.

விலகல் கடிதம் எழுதவில்லை. வேண்டாமென்றால் செயற்குழுவே என்னை நீக்கட்டும். இந்த வாரத்துக்குள் உன் மகனிடம், ‘மாப்ளே, உங்களை நிப்பாட்டினது நான். உங்க அப்பா இல்லை’ என்று நேராகச் சொல்லிவிடுகிறேன். அவர் என்ன பதில் சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். இது நான் உனக்குத் தரும் வாக்கு. நாளைக் காலை அவர் செருப்பை மாட்டும்போதே சொல்லப் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உன் மகனுக்குப் பெண் கொடுத்தவன்,
உன் சம்பந்தி லிங்கம்.