என் காதில் குறையில்லை

என் அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகள் இரண்டும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்கள் என்று மனசில் வைத்துக்கொண்டே எழுதுகிறேன், எனக்கும் முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சௌக்கியம். முதலில் நல்ல சேதி. உன் அண்ணன் மகன் வக்கீல் பரீட்சையில் தேறிவிட்டான், இனி வீட்டில் யாரும் அவனிடம் வாய் கொடுக்க முடியாது. தம்பி மகள் நீச்சலில் கோப்பை வாங்கி, அதிலேயே தண்ணீர் ஊற்றிக் குடித்துக் காட்டுகிறாள். உன் பெரியவள் கணக்கில் வகுப்புக்கே முதலாவது, உன் வாலுப்பயல் ஷூ கயிற்றைத் தானே கட்டுகிறானாம். அஞ்சாம் கிளாஸோடு நின்றவள் வயிற்று வம்சம் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன், நழுவப் பார்த்தவர்களையும் நிறுத்தி வைத்துச் சொன்னேன்.

இதைப் போனிலேயே சொல்லலாமே என்பாய். நீ போனைச் சத்தமாக வைத்துத்தான் பேசுவாய், பெரியவள் பக்கத்திலேயே நிற்பாள், அவள் காதில் விழக்கூடாத பேச்சு ஒன்று இருக்கிறது. பள்ளிக்கூடம் விட்டு வந்து தனியாக இருக்கும் பிள்ளைகளிடம் நான் போனில் பேசுவது உனக்குத் தெரியும். கொஞ்ச நாளாக அவர்கள் பேசுவது எனக்குக் கேட்கவே இல்லை. காது போய்விட்டது என்று நானே முடிவு கட்டி, உன் அண்ணனை நச்சரித்து டாக்டரிடம் போனேன். அவர் எதையோ மாட்டிப் பார்த்துவிட்டு, உங்க காதுக்கு ஒரு குறையும் இல்லம்மா, பக்கத்து ரூம்ல நான் நர்ஸைத் திட்டினாக்கூடக் கேக்கும் என்று சிரித்தார். மறுநாள் பெரியவளிடம், ஏண்டி கண்ணு, தொண்டை கட்டியிருக்கா, சத்தமாப் பேசேன் என்றேன். அவள் இன்னும் மெதுவாக, அம்மா வர்ற வரைக்கும் சத்தம் போடக்கூடாது பாட்டி, பெரியவங்க இல்லேன்னு வெளிய தெரிஞ்சிடும் என்றாள். தம்பிக்குச் சிரிப்பு வந்தால் தலையணையில் முகத்தைப் புதைத்துச் சிரிக்க வேண்டுமாம்.

நீ வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே சாவியை விட்டுவிட்டு வந்து கதவைத் தட்டிய கதையையும் அவள்தான் சொன்னாள், பெருமையாக. அம்மாவிடம் சாவி இருக்கும், அம்மா தட்டவே மாட்டேன், என் குரலில் யார் கூப்பிட்டாலும் திறக்காதே என்று நீ சொல்லி வைத்திருந்தாய் அல்லவா, அதற்காகத் தம்பியை இழுத்துக்கொண்டு குளியலறையில் தாழ்ப்பாள் போட்டு உட்கார்ந்துவிட்டாளாம். மாப்பிள்ளை வந்து திறந்த பிறகு நீ கட்டிக்கொண்டு கெட்டிக்காரி என்றாயாம். நானும் அதையேதான் சொன்னேன். அம்மா குரல்னு தெரியலையாடி என்று கேட்டேன். தெரிஞ்சுது பாட்டி, அதான் ரொம்பப் பயமா இருந்துச்சு என்றாள். போனை வைத்ததும் இந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

உன்னைக் குறை சொல்லவில்லை. வேலையை விடு என்று சொல்லவும் எனக்கு வாயில்லை, நானும் மில்லுக்குப் போய்த்தான் உங்களை வளர்த்தேன். ஆனால் பக்கத்து வீட்டு வெடிவாய் அத்தையிடம் விட்டுப் போனேன், அவள் நாள் முழுக்கத் திட்டுவாள், நீங்களும் பதிலுக்குக் கத்துவீர்கள். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள், உன் பிள்ளைகளுக்கு அழவும் அனுமதி இல்லையே. உங்கள் கீழ்வீட்டில் தையற்காரம்மா இருக்கிறாளே, பிள்ளைகள் குரலைவிட அவள் மிஷின் சத்தம்தான் எனக்குப் போனில் நன்றாகக் கேட்கிறது. நீ வரும்வரை அந்தச் சத்தத்தில் போய் உட்காரட்டும். கேட்டால் கௌரவம் குறைந்துவிடாது, வாய்விட்டுக் கேள். உங்களுக்குள் மட்டும் தெரிந்த ஒரு வார்த்தையும் வைத்துக்கொள், நீ அதைச் சொன்னால் அவள் கதவைத் திறக்கட்டும். பெற்றவள் குரலுக்குப் பிள்ளை ஒளியக்கூடாதம்மா.

உன் வீட்டில் சிரிப்பும் சண்டையும் தெருவுக்குக் கேட்கும்படி நீங்கள் நால்வரும் நன்றாக இருக்க வேண்டும். பதில் போட மறக்காதே. போன தடவை அனுப்பிய படத்தில் இரண்டும் வாயை இறுக மூடிக்கொண்டு நிற்கின்றன, சின்னவனுக்குப் பல் விழுந்திருக்கிறது, அவளும் துணைக்கு மூடியிருக்கிறாள் என்று நினைத்து மாட்டி வைத்தேன். அதைக் கழற்றிவிட்டேன். புதுசாக ஒன்று எடுத்துத் தபாலில் அனுப்பு, ஓட்டைப் பல் தெரிந்தாலும் பரவாயில்லை, இரண்டும் கத்திக்கொண்டிருக்கும்போது எடு.

இப்படிக்கு,
உன் அம்மா