ஒரே ஓணான் என்று எழுதிய மகளுக்கு

மகளுக்கு அப்பா சொல்லி எழுதுவது. நான் இருக்கிறேன், முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. நீ நலமா என்று கடைசியில் கேட்கிறேன். முதலில் திட்ட வேண்டியிருக்கிறது.

எழுதித் தருபவர் நம் தெரு மருந்துக்கடைக்காரர். "பொண்ணுக்குத்தானே ஐயா, கொஞ்சம் காரத்தைக் குறைச்சுக்கலாமே" என்கிறார். சொன்னதை அப்படியே எழுதும் என்றேன்.

நேற்று துறைமுக இன்ஜினியர் உன் புத்தகத்தை என் முன்னால் விரித்து வாசித்தார். பெரிய தீவு ஓணானும் பாறைத்தீவு ஓணானும் ஒரே இனம் என்று எழுதியிருக்கிறாயாம். "உங்க மகளே சொல்லிட்டாங்க பெரியவரே, பாறை போனா என்ன, பெரிய தீவுல அதே ஓணான்தானே இருக்கு" என்று சிரிக்கிறார். உன் எழுத்தைக் காட்டி அனுமதி வாங்கிவிட்டார்கள். துறைமுகத்துக்கு வழிவிட அடுத்த மாதம் பாறைத்தீவுக்கு வெடி.

எதைப் பார்த்து எழுதினாய்? அருங்காட்சியக ஜாடியில் ஸ்பிரிட்டில் ஊறியதைப் பார்த்து! அதே அருங்காட்சியகத்துக்காக முப்பத்தோரு வருஷம் இங்குள்ள ஏழு தீவிலும் சுருக்குப் போட்டு ஓணான் பிடித்தவன் நான். உயிரோடு இருக்கையில் பெரிய தீவு ஆணுக்குத் தாடைக்கடியில் விசிறிபோல விரியும் சவ்வு சிவப்பு, பாறைத்தீவு ஆணுக்கு மஞ்சள். ஸ்பிரிட்டில் போட்டால் பத்தே நாளில் இரண்டும் வெளுத்துவிடும். எழுதத் தெரியாததால் நான் ஒவ்வொரு ஓணான் காலிலும் நூல் கட்டி வைத்தேன். பெரிய தீவுக்கு ஒரு முடிச்சு, பாறைத்தீவுக்கு மூன்று. நீ அங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே, "என்னப்பா இது, பார்க்கவே அசிங்கமா" என்று நூலையெல்லாம் வெட்டி எறிந்து, இரண்டையும் ஒரே ஜாடியில் போட்டு அழகாகச் சீட்டு ஒட்டினாய். நான் வாயைத் திறந்தேன். "செதிலை எண்ணினாத் தெரிஞ்சிடும், நீ சும்மா இருப்பா" என்றாய். எண்ணினாயே, தெரிந்ததா? பெரிய தீவுப் பெண் ஓணான் முன்னால் மஞ்சள் தாடைக்காரனை விட்டால், கல்லைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுப் போகும். அதற்குத் தெரிகிறது, படித்த உனக்குத் தெரியவில்லை!

நாலு பேர் பார்க்க மகளோடு மல்லுக்கு நிற்பதா என்று அன்றைக்குச் சும்மா இருந்தேன். அந்தக் கோபம் என்மேல்.

தப்பு என்று உன் கையால் எழுது. அப்பா சொன்னார் என்று போட வேண்டாம். நீயே கண்டுபிடித்ததாக இருக்கட்டும். ஆனால் முதலில் வந்து உயிரோடு ஒன்றைப் பார். நான் காட்டுகிறேன். படகில் ஏற மட்டும் கை கொடுக்க ஆள் வேண்டும். வேறு யாரையும் கேட்க மனசில்லை.

நலமா? வேளைக்குச் சாப்பிடுகிறாயா? ஒரு குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். வெடி வைப்பதற்குள் வந்துவிடு.

அப்பா