மூன்றாம் பொத்தான்

அலுமாரியின் அடித்தட்டில், பழைய சாறிகளுக்குக் கீழே, எங்கள் ஜோய்ஸ்டிக் இன்று கையில் அகப்பட்டது. வயர் பிசுபிசுத்துப் போய்விட்டது. மூன்றாம் பொத்தானில் நீ பூசின சிவப்பு நகப்பூச்சு மட்டும் உரியாமல் இருக்கிறது. நகத்தில் பூசினால் உன் அம்மா அகப்பைக் காம்போடு வருவா என்று பொத்தானில் பூசினவள் நீ. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பொல்லாத நோய் வருத்தம் உன்னைக் கொண்டுபோய் ஒரு வருடம் ஆகவில்லை, அதற்குள் சிரிக்கிறேனே என்று வெட்கமாயும் இருந்தது. நீ இருந்தால், "சிரியடி விசரி, ஆர் வேண்டாம் எண்டது?" என்றிருப்பாய்.

சண்டை நின்று சமாதானம் என்று சொன்ன அந்த இரண்டு மூன்று வருடங்களில்தான் ஊர்காவற்றுறையில் நாங்கள் உயர்தரம் படித்தோம். கண்காட்சிக்கு றோபோ செய்வோம் என்று வாய்விட்டது நீ. பிஸ்கற் ரின்னில் உடம்பு, உடைந்த விளையாட்டுக் காரில் கழற்றின இரண்டு மோட்டர், கனடாவிலிருந்து என் மாமா அனுப்பின ஜோய்ஸ்டிக், பள்ளியின் ஒரேயொரு கொம்பியூட்டர். புரோகிராம் எழுதினதும் நீதான். இடது பொத்தானுக்கு இடது மோட்டர், வலது பொத்தானுக்கு வலது மோட்டர், இரண்டையும் அமத்தினால் நேரே போகும்.

இடது மோட்டர் மட்டும் சுற்றினால் றோபோ வலப்பக்கம் அல்லவா திரும்பும்! நான் கத்தினேன். நீ ஆறுதலாகச் சொன்னாய்: "ஓம், திரும்பும். கடல்ல போட்டும் அப்பிடித்தானே?"

எழுவைதீவிலிருந்து அப்பாவின் போட்டை நீயே ஓடிக்கொண்டு பள்ளிக்கு வருகிறவள். இயந்திரத்தின் பிடியை இடப்பக்கம் தள்ளினால் போட் வலப்பக்கம் திரும்பும். உன் கை பழகினது அப்படி. தோட்டக்காரர் வீட்டுச் சைக்கிள்காரி எனக்கு அது எங்கே விளங்கியது?

கண்காட்சியன்று கடல் கொஞ்சம் குழப்படி. நீ பிந்திவிட்டாய். பிழையைத் திருத்துகிறேன் என்ற நினைப்பில் நான் இரண்டு வரியை மாற்றிவிட்டேன். இடது பொத்தானுக்கு வலது மோட்டர், வலதுக்கு இடது. நீ வெள்ளைச் சட்டையின் விளிம்பு நனைய ஓடி வந்தபோது பிரதம விருந்தினர் கதிரையில் இருந்துவிட்டார். சொல்ல நேரமில்லை. உண்மையில், சொல்லத் துணிவில்லை.

றோபோவின் தலையில் ஒரு கிளாஸ் நெல்லிக் கிரஷ். மேசையில் நேரே போய், விருந்தினர் பக்கம் வளைந்து நிற்கவேண்டும். நீ வளைத்தாய். அது மற்றப் பக்கம் வளைந்து, மேசை விளிம்பைத் தாண்டி, கிளாஸோடு பள்ளி அதிபரின் வெள்ளை வேட்டியில் விழுந்தது.

"என்ன பிள்ளை இது?" என்று அதிபர் எழும்பினார். நீ திரையைப் பார்த்தாய். அந்த இரண்டு வரியையும் பார்த்தாய், பிறகு என்னைப் பார்த்தாய்.

"என்ர கை பிழைச்சுப் போச்சு, சேர்" என்றாய்.

ஐயோ, என் நாக்கு அன்று எங்கே போனது!

பின்னேரம் இன்னொரு தடவை ஓடிக்காட்ட விட்டார்கள். அதற்குள் நாலைந்து வரி சேர்த்தாய். மூன்றாம் பொத்தானை அமத்தினால் இடமும் வலமும் மாறும். "இப்ப நீயும் ஓடலாம், நானும் ஓடலாம்" என்று வெடுக்கெனச் சொல்லிவிட்டு, நீயே ஓடினாய். கிரஷ் ஒரு சொட்டும் சிந்தவில்லை. அதிபர்தான் கடைசிவரை வேட்டியை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இப்போது நானும் பிள்ளைகளுக்கு றோபோ பழக்குகிறேன். ஒரு பிள்ளையின் றோபோ எதிர்ப்பக்கம் திரும்பினால் உடனே கீபோட்டில் கை வைக்கமாட்டேன். "உம்மட கைக்கு எந்தப் பக்கம் வருது?" என்று கேட்பேன். சில வேளை அது பிழைதான். சில வேளை அந்தப் பிள்ளைக்கு அதுதான் சரி. கேட்காமல் ஒரு வரியும் மாற்றுவதில்லை.

அந்த இரண்டு வரியைப் பற்றி நீ ஒருநாளும் கேட்கவில்லை. உன் கலியாண வீட்டிலும் ஆஸ்பத்திரிக் கட்டிலிலும்கூட, "சேரின்ர வேட்டி" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். "உன்ர கை பொல்லாத கையடி" என்று நான் பகிடி வேறு பண்ணினேன். நீ அதற்கும் சிரித்தாய்.

உன் கை பிழைக்கவில்லை. மாற்றினது நான்தானடி. உனக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். எண்டாலும் ஒருக்கால் என் வாயால் சொல்லவேணும், சொல்லிப்போட்டன்.