இந்தத் தடவை நிஜமாகவே புகை

நவம்பர் 4, செவ்வாய்

காலையில் வேன் எழுந்திருக்கவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை. திட்டு மட்டும் எனக்கு.

அப்பா சாவியைத் திருகத் திருக 'டிக்' என்று ஒரு சத்தம். அதோடு சரி. பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்ற நேரமாகிவிட்டது. நானும் அம்மாவும் பக்கத்து வீட்டு முத்திருளன் மாமாவும் சேர்ந்து தெருமுனை வரை தள்ளினோம். இருமிக்கொண்டே கிளம்பியது.

"பேட்டரி இறங்கிருச்சு. ராத்திரி நல்லாத்தான இருந்துச்சு? எதையும் நோண்டுனியாடி அஸ்வினி?"

முதல் கேள்வியே எனக்கு. பேட்டரிக்குச் சார்ஜ் இல்லை, அப்பாவுக்கு ஓவர் சார்ஜ். திருநகரில் மழை பெய்யாவிட்டாலும் என்னைத்தான் விசாரிப்பார்கள்.

அம்மா வேனையே பார்த்துக்கொண்டு நின்றாள். "யாரு கண்ணு பட்டுச்சோ" என்று வாய்க்குள் சொன்னாள். அப்பா முறைத்தார். அவருக்கு இந்தத் திருஷ்டி சமாச்சாரமே ஆகாது. ஆயுத பூசைக்கு அம்மா கட்டிய எலுமிச்சம்பழத்தை மறுநாளே பிய்த்து எறிந்தவர். "வண்டிய நான் ஓட்டுறேனா, எலுமிச்சம்பழம் ஓட்டுதா?"

நவம்பர் 6, வியாழன்

அப்பா பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றி மாட்டினார். ராத்திரி நல்ல மழை. காலையில் மறுபடியும் 'டிக்'. மறுபடியும் தள்ளு. என் கை தோளோடு கழன்றுவிடும் போல.

நவம்பர் 7, வெள்ளி

சிரிக்க முடியவில்லை இன்றைக்கு.

காலையில் நானும் வேனில்தான் போனேன். முன்சீட்டில் நான், என் மடியில் தம்பி சூர்யா. பின்னால் பிள்ளைகள் ஒரே கத்தல். பசுமலை தாண்டும்போது பிளாஸ்டிக் கருகுகிற வாடை. குனிந்து பார்த்தால் ஸ்டியரிங்குக்குக் கீழே நூல் மாதிரி ஒரு புகை.

"அப்பா, புகை! நிறுத்துங்கப்பா!"

அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "உன் கூத்தையெல்லாம் வீட்டோட வச்சுக்க."

"அக்கா, இன்னைக்கு எந்த ஊதுபத்தி?" என்றான் சூர்யா. வேன் முழுக்கச் சிரிப்பு.

போன மாதம் சீட்டுக்கு அடியில் ஊதுபத்தியைக் கொளுத்தி வைத்துவிட்டு 'தீ, தீ' என்று கத்தினேன். அப்பா செருப்பில்லாமல் ரோட்டில் குதித்தார். அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பு இருக்கிறதே...

இன்றைக்குப் பள்ளிக்கூட வாசலில் அப்பா வண்டியை நிறுத்துவதற்குள் புகை போய்விட்டது. பார்த்தது நான் மட்டும்.

அந்த வேன் கேஸில் ஓடுகிறது. பின்சீட்டுக்கு அடியில்தான் டேங்க். அதன் மேலேதான் எல்.கே.ஜி. வாண்டுகள் உட்காரும். கெமிஸ்ட்ரி வகுப்பில் மிஸ் பேசியது எதுவும் காதில் ஏறவில்லை. ஒரு பொறி போதும். ஒரே ஒரு பொறி. ஷார்ட் சர்க்யூட்டாம், பேர்தான் ஷார்ட்டு. பயம் எம்புட்டு நீளம்னு யாருக்காச்சும் தெரியுமா?

நவம்பர் 8, சனி

அம்மாவிடம் சொன்னேன். "எதுல விளையாடுறதுன்னு இல்லையா உனக்கு?" என்றாள். ஆனால் முகம் வெளுத்துவிட்டது. மத்தியானம் தனியாக வேனுக்குள் போய்க் கொஞ்ச நேரம் இருந்தாள். கேட்டால், சாமி கும்பிட்டாளாம். வேனுக்குள்ளா?

ராத்திரி ரசத்தில் உப்பே இல்லை. கல்லுப்பு தீர்ந்துவிட்டதாம். கடைக்குப் போய் வாங்கி வந்தது நான்தான், இந்த வாரம்தான். நாங்கள் என்ன மாடா, உப்பை நக்க?

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் உண்டு. சூர்யா அந்த வேனில்தான் போவான்.

நவம்பர் 9, ஞாயிறு



காலையில் யாரிடமும் சொல்லாமல் ஷாநவாஸ் அண்ணன் வீட்டுக்குப் போனேன். திருமங்கலம் ரோட்டில் ஆட்டோ எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறார். "அண்ணே, சத்தியமா விளையாட்டு இல்லண்ணே."

"நீ சத்தியம் பண்ணாத்தான் பாப்பா எனக்குப் பயமா இருக்கு" என்றார். அவர் ஹெல்மெட்டுக்குள் நான் மாவு கொட்டியதை இன்னும் மறக்கவில்லை. ஆனாலும் என் முகத்தைப் பார்த்தார். டூல் பையை எடுத்தார்.

அப்பா வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஷாநவாஸ் அண்ணன் பேட்டரி வயர் ஒன்றைக் கழற்றி, அந்த இடைவெளியில் ஒரு சின்ன பல்பைக் கோத்தார். சாவியே போடவில்லை. பல்பு மங்கலாக எரிந்தது.

"பாத்தியாண்ணே? எங்கிட்டோ கரண்ட் ஒழுகுது. ஒவ்வொரு ஃபியூஸா உருவுறேன். பாப்பா, எதை உருவுனா பல்பு அணையுதோ அப்பச் சொல்லு."

நான் பல்பையே பார்த்தேன். ஹாரன் போனது. லைட் போனது. வைப்பர் போனது. எல்லா ஃபியூஸும் வெளியே வந்தாயிற்று. பல்பு எரிந்துகொண்டே இருந்தது. ஒரு வயரும் இல்லாமல் எரிகிற மாதிரி. பேய் பார்த்தது போல் இருந்தது எனக்கு.

"அப்ப ஃபியூஸ் பாக்ஸ்லயேதான். என் கை நுழையாது. நீ விட்டுப் பாரு."

டேஷ்போர்டுக்கு அடியில், வயர்களுக்கு நடுவே கையை விட்டேன். ஈரமாக, கொழகொழவென்று ஏதோ தட்டுப்பட்டது. செத்த எலி என்று அலறிவிட்டேன். இழுத்தால் சிவப்புத் துணி முடிச்சு. சொட்டியது.

பல்பு அணைந்தது.

உள்ளே இன்னும் இரண்டு முடிச்சு. எல்லாம் கல்லுப்பு. மழை ஈரத்தில் கசிந்து, பாக்ஸ் முழுக்கப் பச்சைக் களிம்பு பூத்து, ஒரு வயர் உருகிக் கரியாக இருந்தது. ஷாநவாஸ் அண்ணன் அதை அப்பாவிடம் காட்டினார். "இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

"இத யாரு வச்சது?"

அப்பா குரல் அப்படி வந்து நான் கேட்டதே இல்லை. கதவோரம் அம்மா. சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு நின்றாள். அப்போதுதான் எனக்கு ரசம் ஞாபகம் வந்தது.

"நான்தாம்ப்பா. சும்மா. வேனை ஊறுகாய் போடலாம்னு."

எல்லோரும் நம்பிவிட்டார்கள். உடனே! புகை என்று உண்மையைச் சொன்னபோது ஒருத்தரும் நம்பவில்லை.

அப்பா கையை ஓங்கினார். அடிக்கவில்லை. "அம்புட்டும் ஊரான் வீட்டுப் பிள்ளைகடி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

நவம்பர் 10, திங்கள்

வயர் மாற்றியாகிவிட்டது. வேன் ஒரே திருகில் கிளம்பியது. என் போன் அப்பாவிடம். தண்டனையாம்.

நவம்பர் 12, புதன்

வெங்காயம் உரிக்கும்போது அம்மா கேட்டாள். "ஏண்டி அப்பிடிச் சொன்ன?"

"உன்னையத் திட்டுனா நீ அழுவ. என்னையத் திட்டுனா நான் தூங்கிருவேன்."

அம்மா சிரிக்கவில்லை. மேலூர் ரோட்டில் ஒரு ஸ்கூல் வேன் கவிழ்ந்ததே, அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் இல்லையாம். "உங்கப்பாவுக்குத் தெரிஞ்சா எறிஞ்சிருவாருன்னு உள்ள ஒளிச்சு வச்சேன். வண்டி நின்னுச்சு. கண்ணு இன்னும் போகலைன்னு இன்னொண்ணு வச்சேன். நீ புகைன்னதும் மூணாவது." கண்ணைத் துடைத்தாள். வெங்காயம்தான் காரணம் என்று இருவரும் வைத்துக்கொண்டோம்.

இப்போது வேனில் உப்பு இல்லை. வேன் திரும்பி வரும்வரை அம்மா வாசலிலேயே நிற்கிறாள். ஷார்ட்டைக் கண்டுபிடித்தாயிற்று. இதை எந்த பல்பு வைத்துக் கண்டுபிடிப்பது?

நவம்பர் 14, வெள்ளி

குழந்தைகள் தினம். சூர்யா சட்டையில் ரோஜா. அப்பா வேனில் ஏறி உட்கார்ந்தார்.

அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். கையில் பிளாஸ்டிக் டப்பா, உள்ளே கல்லுப்பு. நேராகப் போய், அப்பா கண் முன்னாலேயே டேஷ்போர்டின் மேல் வைத்தாள்.

"அன்னைக்கு உள்ள வச்சதும் நான்தான். அவ இல்ல."

அப்பா அம்மாவைப் பார்த்தார். வாசல்படியில் நின்ற என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம். இந்தா எடுத்து எறியப் போறாரு, எறியப் போறாரு...

டப்பாவை எடுத்தார். கவிழ்த்துப் பார்த்தார், ஒழுகுகிறதா என்று. மூடியை இன்னும் ஒரு திருகு இறுக்கி, எடுத்த இடத்திலேயே வைத்தார்.

பிறகு சட்டைப் பையிலிருந்து என் போனை எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினார். "புகைன்னா இனிமே நிறுத்துறேன்" என்றார், ரோட்டைப் பார்த்துக்கொண்டே.

சாவியைத் திருகினார்.